விழுந்த பல்லும் தாங்கும் பற்களும்

நிலையான பற்களுள் முதன்முதலில் முளைப்பதும், நம்மில் பலரும் முதன்முதலில் பறிகொடுப்பதும் ஒரே பல்லாக இருப்பது தற்செயலன்று. குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, பால் பல் எதுவும் விழுந்து இடம் விடாமலே பல்வரிசையின் கடைசியில் சந்தடியின்றி எழுந்துவரும் முதற் கடைவாய்ப்பல்லை, அதுவும் ஒரு நாள் விழுந்து முளைக்கப்போகிற பால் பல்தானே என்று பெற்றோர் அசட்டையாக விட்டுவிடுவதால், தின்பண்டம் தின்னும் பருவம் முழுவதும் அது கவனிப்பாரற்றுக் கிடந்து, சொத்தையாகி, குடைந்துபோய், கடைசியில் வலி பொறுக்கமாட்டாமல் பிடுங்கப்படுகிறது. ஆகையால், இழந்த பல்லுக்குப் பதிலாக நிலையான செயற்கைப் பல்லைக் கட்டிக்கொள்வதைப் பற்றிய இந்த அத்தியாயத்தில், கீழ்த்தாடையின் ஒரு புறத்து முதற் கடைவாய்ப்பல்லை இழந்துவிட்ட நடுத்தர வயதினர் ஒருவரையே உதாரணமாக மனத்தில் இருத்திக்கொண்டு, மற்ற இடங்களுக்குரிய விசேஷங்களை அவ்வப்போது தொட்டுச் செல்வோம்.

பல் பிடுங்கிய புண் ஆறியவுடன், "உள்ளே இருக்கிற பல்தானே, யார் கண்ணில் படப்போகிறது?" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதவர் அபூர்வம். ஆனால் பற்கள் எலும்பிலே அறைந்து வைத்த முளைகளல்ல. ஒவ்வொரு பல்லும் பக்கத்துப் பற்களாலும் எதிர்த்தாடைப் பல்லாலும் தன் இடம் வரையறுக்கப்பட்டு நிற்பதாகும். அந்த எல்லைகளில் ஒன்று நீங்கினால் அது மெல்ல மெல்ல நகரத் தொடங்குகிறது. பின்னால் நின்ற இரண்டாம் கடைவாய்ப்பல் வெற்றிடத்தை நோக்கி முன்புறம் சாய்கிறது. முன்னால் நின்ற பல் சற்றே பின்னால் ஒதுங்குகிறது. மேல்தாடையில் எதிரே நின்று, இத்தனை காலம் தன்னோடு மெல்லுவதற்குத் துணையிருந்த பல்லை இழந்துவிட்ட பல், தடுப்பார் இல்லாமையால் கீழ்நோக்கி இறங்குகிறது. இவ்வாறு உண்டான இடுக்குகளில் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் தங்கி, ஈறு வீங்கி, அந்தப் பக்கமாக மெல்லுவதையே மனிதர் கைவிட்டுவிடுகிறார். பல் இருந்த இடத்துத் தாடை எலும்பும் வேலையில்லாத அவயவத்துக்குரிய நியதிப்படி வற்றிக் குறைகிறது. இந்த மாறுதல்கள் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் நேர்வதில்லை. சிலருக்குப் பத்து வருஷம் சென்றும் பற்கள் பெயர்ந்த அடையாளம் அதிகம் தெரிவதில்லை. எனினும், பல் சாய்ந்துவிட்ட பிறகு பாலம் கட்ட வருகிறவருக்குச் செலவும் சிரமமும் கூடுதல் என்பதனால், கட்டிக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவைப் பல் பிடுங்கிய சில மாதங்களுக்குள் எடுத்துவிடுவதே உசிதம்.

கட்டிக்கொள்ளாமலே இருந்துவிடலாம் என்பதும் ஒரு நேர்மையான முடிவுதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்ண்ட் கைசர் என்னும் அறிஞர் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அதைத் தொடர்ந்து வந்த ஆராய்ச்சிகளும், பின்கடைவாய்ப்பற்கள் இல்லாதவர்களும், முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் திடமாக இருக்குமாயின், போதிய அளவு மென்று உண்டு சௌகரியமாகவே வாழ்கிறார்கள் என்று காட்டின. வரிசையின் கடைசிப் பல்லாகிய இரண்டாம் கடைவாய்ப்பல் மட்டும் போயிருக்குமானால், அதற்குப் பின்னால் பாலத்தின் மறுமுனையைத் தாங்குவதற்குப் பல்லே இல்லை. அந்த நிலையில் பாலம் கட்டச் சொல்லுகிறவரிடம் காரணத்தை இரண்டாம் தடவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் உதாரணத்திலோ வெற்றிடத்துக்கு முன்னும் பின்னும் பற்கள் உண்டு. இங்கே வழிகள் மூன்று. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று. அது மலிவானது, பக்கத்துப் பற்களைத் தொடாதது, ஆனால் ஒரு பல்லுக்காக வாயில் ஒரு தகட்டையும் கம்பியையும் சுமந்து திரியப் பொறுமை வேண்டும். தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணியைப் பதித்து அதன்மேல் பல் கட்டும் இம்ப்ளாண்ட் மற்றொன்று. மூன்றாவது, இங்கே நாம் விஸ்தரிக்கப்போகிற பாலம். ஜனங்கள் "பிரிட்ஜ் போட்டுக்கொள்வது" என்றும் "பல் கட்டிக்கொள்வது" என்றும் சொல்வது இதையே. வெற்றிடத்தின் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் செதுக்கிச் சிறிதாக்கி, அவற்றின்மேல் இரண்டு உறைகளை, அதாவது கேப்புகளை, மாட்டி, அந்த இரண்டு உறைகளுக்கும் நடுவே ஒரு பொய்ப்பல்லை ஒரே துண்டாக வார்த்து இணைத்து, சிமெண்ட் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடுவதுதான் இதன் முழுத் தத்துவம். பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு பொய்ப்பல்லை நிறுத்தும் யோசனை மிகப் பழையது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் பொன் பட்டைகளால் இதைச் செய்திருக்கிறார்கள். அவை மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. சரித்திரம் இவ்வளவு போதும்.

பாலம் கட்டிக்கொள்ளப் போகிறவர்களில் பெரும்பாலோர், வைத்தியரிடம் முதலில் விசாரிப்பது நடுவிலே வரப்போகிற பொய்ப்பல்லைப் பற்றித்தான்: அது எதனால் செய்தது, என்ன நிறம், எத்தனை வருஷம் உழைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். உண்மையில் பொய்ப்பல் அநேகமாகக் கெட்டுப்போவதே இல்லை. அதற்குச் சொத்தையும் இல்லை, வலியும் இல்லை. பாலத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை அதைத் தாங்கி நிற்கும் இரண்டு சொந்தப் பற்களே. நான்கு பேர் சுமந்த பல்லக்கை ஒருவர் விலகிக்கொண்ட பின் மூவர் சுமக்க நேர்ந்தால், பல்லக்கின் பாரம் குறைந்துவிடுவதில்லை. மூவருடைய தோளுக்கும் அது கூடுகிறது. அவர்களில் ஒருவர் நோயாளியாக இருந்துவிட்டால் பல்லக்கு எத்தனை தூரம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாங்குபற்களைப் பற்றிய விசாரணைதான் இச்சிகிச்சையில் முதலாவதும் முக்கியமானதுமாகும். அதற்குச் செலவிடும் ஒரு மணி நேரம் பிற்பாடு செலவிடும் எல்லாப் பணத்தையும்விட உயர்ந்தது.

அந்த விசாரணை எப்படி நடக்கிறது? முதலில் எக்ஸ்-ரே படம் எடுக்கப்படுகிறது. எலும்புக்கு வெளியே தெரியும் பல்லின் உயரத்தைக் காட்டிலும் எலும்புக்குள் புதைந்த வேரின் நீளம் அதிகமாக இருக்க வேண்டும். வெளியே இரண்டு பங்கு, உள்ளே மூன்று பங்கு என்பது உத்தமம். இரண்டும் சமம் என்பது கடைசி எல்லை. அதற்கும் குறைந்தால் அந்தப் பல்லின்மேல் பாரம் ஏற்றலாகாது. வேர்கள் பிரிந்து பரவியிருப்பது நன்று. ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக இருப்பது அத்தனை நன்றன்று. ஈறு பல்லோடு ஒட்டியிருக்கும் ஆழத்தை மெல்லிய அளவுகோலால் சுற்றிலும் அளந்து பார்க்கிறார்கள்; பல் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கிறார்கள். 1926-ல் இர்வின் ஆண்ட்டி என்பவர் வகுத்த விதியொன்று இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது: தாங்குபற்களின் வேர்ப் பரப்பைக் கூட்டினால், அது இழந்த பற்களின் வேர்ப் பரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அது. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதை மாற்றமுடியாத சட்டமாகக் கொள்வதில்லையாயினும், கணக்குப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

நம் உதாரணத்தையே கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்கு வேர்ப் பரப்பு சராசரியாகச் சுமார் 430 சதுர மில்லிமீட்டர். அதற்கு முன்னுள்ள இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்குச் சுமார் 205. பின்னுள்ள இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குச் சுமார் 425. இரண்டும் சேர்ந்தால் 630, இழந்தது 430, கணக்கு தாராளமாகச் சரிக்கட்டுகிறது. இப்போது முன்கடைவாய்ப்பல்லும் கூடப் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இழந்தது 635 ஆகிறது, தாங்க வேண்டியவையோ முதல் முன்கடைவாய்ப்பல்லின் 180-ம் அந்தக் கடைவாய்ப்பல்லின் 425-ம், கூட்டினால் 605. ஒரே ஒரு பல் கூடுதலாகப் போனதில் வரவு செலவாக மாறிவிட்டது. அதோடு விஷயம் முடிவதுமில்லை. பளுவைத் தாங்கும் எந்தக் குறுக்குச் சட்டமும், அதன் நீளம் இரு மடங்கானால் எட்டு மடங்கு வளையும் என்பதும், மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு வளையும் என்பதும் பௌதிக விதி. ஆகையால் ஒரு பொய்ப்பல் வைத்த பாலத்தையும் மூன்று பொய்ப்பல் வைத்த பாலத்தையும் ஒரே சாமானின் சிறியதும் பெரியதுமாகப் பாவித்து, பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவது விவேகமன்று. நீண்ட பாலம் ஒவ்வொரு கடியிலும் வளைந்து வளைந்து, பீங்கானை விரிசலாக்கி, அல்லது ஒரு முனையில் சிமெண்டைத் தளரச் செய்து, தன் ஆயுளைச் சுருக்கிக்கொள்கிறது.

ஒரு முனையில் மட்டும் பல்லைப் பிடித்துக்கொண்டு மறுமுனை தொங்கலாக நிற்கும் பாலங்களும் உண்டு. மேல்வரிசையில் கோரைப்பல்லைத் துணையாகக் கொண்டு அதன் பக்கத்துச் சிறு வெட்டுப்பல்லைத் தொங்கவிடுவது, கடியின் வேகம் அங்கே குறைவாதலால், பெரும்பாலும் பாதகமில்லை. கடைவாயில் அப்படிச் செய்வது தாங்குபல்லை நெம்புகோலிட்டு நெம்புவதற்குச் சமானம்; பணம் மிச்சமாகிறது என்பதற்காக அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

இனி, இந்த அத்தியாயத்தில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. ஒரு பல்லை முழு உறைக்காகச் செதுக்கும்போது, வெளியே தெரியும் பாகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது என்று எடைபோட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் கூறுகின்றன. செதுக்கிய எனாமல் மறுபடி வளர்வதில்லை. செதுக்கிய பற்களில் சில, பத்து வருஷத்துக்குள் உள்ளே நரம்பு செத்து வேர் சிகிச்சைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே பக்கத்துப் பற்கள் இரண்டும் ஒரு சொத்தையுமின்றி, ஒரு அடைப்புமின்றி, முளைத்த நாள் போலவே இருக்குமானால், ஒரு பல்லின் பொருட்டு அவ்விரண்டையும் வெட்டுவதற்கு முன், இம்ப்ளாண்ட் சாத்தியமா என்று கட்டாயம் ஆராய வேண்டும். ஸ்வீடன் தேசத்துப் பெர் இங்வார் பிரானமார்க், 1952-ல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கூடு எலும்போடு ஒன்றிப்போய் எடுக்கவராமல் நின்றதைக் கவனித்து, 1965-ல் மனிதர் தாடையில் அதைப் பதித்துக் காட்டிய நாள் முதல், பக்கத்துப் பல்லைத் தொடாமல் பல் கட்டும் மார்க்கம் திறந்துவிட்டது. அதற்கு மாறாக, அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்புகளோடு, அல்லது வேர் சிகிச்சை முடிந்து, எப்படியும் உறை போட வேண்டிய நிலையில் இருக்குமானால், பாலமே சிறந்தது. உறைகளும் கிடைக்கின்றன, நடுப்பல்லும் கிடைக்கிறது. எலும்பு வற்றிப்போனவர்கள், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர்கள், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், எலும்பு மெலிவுக்கான சில மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்கிறவர்கள் முதலியோர் விஷயத்தில் இம்ப்ளாண்டுக்குத் தடையோ தயக்கமோ இருக்கலாமாகையால், அவர்களுக்கும் பாலமே வழியாக அமைவதுண்டு. இந்த வியாதிகளையும், ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளையும், இருதய வால்வுக் கோளாறையும் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

முன்பற்களின் விஷயம் வேறு. அங்கே அழகு மட்டுமன்றிப் பேச்சும் சம்பந்தப்பட்டிருக்கிறது. தகர நகரங்கள் நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பரந்து ஒற்றுவதால் பிறக்கின்றன என்றும், வகரம் மேற்பல்லும் இதழும் இயைவதால் பிறக்கிறது என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருப்பதன் உண்மையை, மேல் முன்பல்லை இழந்த மறுநாளே எந்த ஆசிரியரும் பாடகரும் உணர்ந்துவிடுவார். இங்கே, பற்களைப் பெரிதும் செதுக்காமல், பின்புறத்தில் மெல்லிய சிறகு போன்ற ஒரு தகட்டைப் பிசினால் ஒட்டிப் பொய்ப்பல்லை நிறுத்தும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றதனால் மேரிலாண்ட் பாலம் என்று அதற்குப் பெயர். எனாமலை அமிலத்தால் பொறித்தால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று மைக்கேல் புவனகோர் 1955-ல் கண்டதே இதற்கு அடிப்படை. இரண்டு பக்கமும் சிறகு வைப்பதைவிட ஒரு பக்கம் மட்டும் வைப்பது நீடித்து நிற்கிறது என்பது அனுபவத்தில் தெரிந்த ஆச்சரியம். இரண்டு பற்களும் வெவ்வேறு விதமாக அசைவதால் ஒரு சிறகு விடுபட்டுவிடுகிறது. விபத்தில் முன்பல்லை இழந்த பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு, பல்லினுள் நரம்பறை இன்னும் அகலமாக இருக்குமாதலால், முழு உறைக்காகப் பல்லைச் செதுக்குவது அபாயம். இந்த ஒட்டுப் பாலமோ, தற்காலிகமான கழற்றும் பல்லோதான் அவர்களுக்கு உகந்தது.

கடைவாய்க்குத் திரும்புவோம். பாலம் கட்டுவதென்று தீர்மானமாகிவிட்டால், பல் பிடுங்கிய இடம் ஆறி, ஈறு தன் நிலையான உருவத்தை அடைவதற்கு இரண்டு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கட்டிய பாலத்தின் அடியில் பின்னர் ஈறு வற்றி இடைவெளி தெரியும். தாங்குபற்களுக்கு முன்கூட்டியே வேர் சிகிச்சை செய்துவிடுவது வழக்கம் என்று சில இடங்களில் சொல்லப்படுகிறது. செதுக்கும்போது கூச்சமிராது, பிறகு வலி வராது என்று இதற்குக் காரணம் கூறுவார்கள். உயிருள்ள, ஆரோக்கியமான பல்லின் நரம்பை வழக்கத்தின் பெயரால் எடுத்துவிடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். பல் வெகுவாகச் சாய்ந்திருந்து, செதுக்கினால் நரம்பறை திறந்துவிடும் என்ற நிலையிலும், பல் ஏற்கெனவே நோயுற்ற நிலையிலும் மட்டுமே அது நியாயமாகும். நரம்புள்ள பல், கீழே ஏதாவது கெட்டுப்போனால் வலித்துச் சொல்லும். நரம்பெடுத்த பல் சொல்லாது.

செதுக்கும் நாளன்று மரப்பு ஊசி போட்டபின் வலி இராது. முழுப் பீங்கான் அல்லது உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய உறைக்காக மெல்லும் முகத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையிலும், பக்கங்களில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் எடுக்கிறார்கள். இரண்டு பற்களும் ஒன்றுக்கொன்று இணையான திசையில் செதுக்கப்பட்டாலொழிய ஒரே துண்டாகிய பாலம் அவற்றின்மேல் இறங்காது. சாய்ந்த பல் தொல்லை கொடுப்பது இதனால்தான். சாய்வு மிகுந்திருந்தால் முதலில் கம்பி கட்டி நிமிர்த்திக்கொள்வதும் உண்டு. பிறகு ஈறோரத்தில் மெல்லிய நூலைச் செருகி விளிம்பை விலக்கி, சிலிகோன் பசையினாலோ சிறு கேமராவினாலோ அளவு எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அது வந்து சேரும் வரையில், செதுக்கிய பற்களைத் தற்காலிகப் பாலம் ஒன்றால் மூடி அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் வெறும் பல்லோடு வீட்டுக்கு அனுப்பினால், காபி குடிக்கவும் முடியாத கூச்சம் ஒரு பக்கமிருக்க, பற்கள் சில நாளுக்குள் கொஞ்சம் நகர்ந்து, வந்த பாலம் பொருந்தாமற் போகும்.

பாலம் எதனால் ஆகலாம் என்பதைப் பற்றி நாலு வார்த்தை. கோபால்ட் குரோமியம், நிக்கல் குரோமியம் முதலிய உலோகக் கலவைகளின்மேல் பீங்கான் பூசியது வெகுகாலமாக நடைமுறையிலிருப்பது. சிர்கோனியா என்னும் வெண்மையான பொருளைக் கம்ப்யூட்டர் கொண்டு கடைந்து செய்வது பிற்காலத்தது. கவரிங் தோடு போட்டால் காதுமடல் அரித்துப் புண்ணாகும் சுபாவமுள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அநேகமாக அந்த அரிப்புக்குக் காரணம் நிக்கலாக இருக்குமாகையால், நிக்கல் இல்லாத பொருளைத் தேர்ந்துகொள்ளலாம். நிறம் பார்ப்பது பல்லைச் செதுக்கும் முன்னரே, பகல் வெளிச்சத்தில், வெற்றிலைச் சிவப்பும் உதட்டுச் சாயமும் இல்லாத வாயில் நடக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத கடைசிப் பல்லுக்குப் பீங்கான் பூசாமல் உலோக உறையை மட்டும் போடுவதானால் பல்லைக் குறைவாகச் செதுக்கினாற் போதும், உடையவும் உடையாது. இந்த யோசனையைச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களே அதிகம். எனக்கென்னவோ அது மிகவும் புத்திசாலித்தனமான யோசனையாகத்தான் படுகிறது.

பாலம் வந்ததும் ஒட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை நீங்களே பார்க்கலாம். உறையின் ஓரம் பல்லோடு சேரும் இடத்தில் நாக்கை ஓட்டினால் படிபோல் தட்டக்கூடாது. பொய்ப்பல்லின் அடிப்பாகம் உருண்டையாக, ஈறை இலேசாகத் தொட்டோ, கீழ்க்கடைவாயில் ஈறுக்குச் சற்று மேலாக நின்றோ, சுத்தம் செய்ய இடம் கொடுக்க வேண்டும். ஈறின்மேல் சேணம்போல் இரு பக்கமும் கவிந்து உட்கார்ந்தால், அதனடியில் அழுக்கு சேர்வதை ஒருவராலும் தடுக்கமுடியாது. மூன்றாவது, கடி. வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்க்கும்போது, பாலம் மட்டும் முந்திக்கொண்டு இடிப்பதாகத் தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். நம்மவர்களுக்கு வைத்தியரிடம் "சரியாக இல்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு வந்துவிட்டுப் பல்வலியோடு திரும்பிப் போகிறார்கள். முடியுமானால் முதல் சில நாட்களுக்குத் தற்காலிகச் சிமெண்டால் ஒட்டிக்கொண்டு, சாப்பிட்டுப் பார்த்து, பிறகு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளலாம்.

ஒட்டியாயிற்று; இனிமேல் பொறுப்பு உங்களுடையது. பாலத்தில் மூன்று பற்களும் ஒரே துண்டாக இணைந்திருப்பதால், பல்லிடுக்கு நூலை மேலிருந்து இறக்கமுடியாது. முனை விறைப்பாகவும் நடு பஞ்சுபோலும் உள்ள நூலைப் பக்கவாட்டில் பொய்ப்பல்லின் அடியில் நுழைத்து, தாங்குபற்களின் உட்பக்கங்களைத் தினமும் இரவில் ஒரு தடவை துடைக்க வேண்டும். அல்லது குப்பி கழுவும் தூரிகை உருவிலுள்ள நுண்ணிய பிரஷை உபயோகிக்கலாம். மருந்துக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்கும் நம் வழக்கம் உத்தமமானது. ஆனால் அதனால் மட்டும் பொய்ப்பல்லின் அடி சுத்தமாகிவிடாது. செங்கல் பொடியும் கரியும் உறையின் ஓரத்திலுள்ள மெல்லிய வேர்ப்பகுதியைத் தேய்த்துக் குழியாக்கும். ஊக்கும் குண்டூசியும் ஈறைக் கிழிக்கும். சீடையும் கொட்டைப்பாக்கும் ஆட்டெலும்பும் பீங்கானுக்குச் சத்துருக்கள். கரும்பைக் கடித்து உரிப்பதை அந்தப் பக்கத்துக்கு விலக்கிவிடுங்கள். புகையிலையைப் பற்றிப் பல்லின் பொருட்டுச் சொல்வதைவிட உயிரின் பொருட்டுச் சொல்வதே முறையாதலால் அதை வேறோர் அத்தியாயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

நன்றாகத் திட்டமிட்டுக் கட்டிய பாலங்களில், பத்து வருஷம் சென்றும் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் வாயிலேயே இருக்கின்றன என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். விழுந்துவிடும் மீதியில் ஏமாற்றுகிற வகை ஒன்று உண்டு. பாலத்தின் ஒரு முனையில் சிமெண்ட் விட்டுப்போய், மறுமுனை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலம் விழாது, ஆடுவதும் தெரியாது. ஆனால் விடுபட்ட உறைக்குள் எச்சில் புகுந்து புகுந்து, உள்ளிருக்கும் பல் சில மாதங்களில் மாவாகிவிடும். வாயில் திடீரென்று ஒரு துர்ச்சுவை, அந்தப் பக்கம் நூல் விட்டால் நாற்றம், விரலால் அழுத்தினால் உறையோரத்தில் சிறு குமிழி, குளிர்ந்த நீர் பட்டால் புதிதாகக் கூச்சம் இவற்றுள் எது கண்டாலும் வலி வரும் வரை காத்திருக்கலாகாது. ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிக்கொள்ளச் சொல்வது இதை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதற்கே.

யாரிடம் போவது என்பதற்கும் ஒரு விதி உண்டு. சட்டப்படி பதிவு பெற்றவரே இந்நாட்டில் பல் வைத்தியம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பன்று. சந்தைகளிலும் நடைபாதைகளிலும் அரை மணியில் "நிரந்தரப் பல்" கட்டிக் கொடுப்பவர்கள், பல்லைச் செதுக்காமலே கம்பியும் அக்ரிலிக் பசையும் கொண்டு ஈறின்மேல் பூசிவிடுகிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, அடியைச் சுத்தம் செய்யவும் முடியாது. ஒரு பல்லுக்காகப் போனவர் மூன்று பல்லை இழந்து திரும்புகிறார். செலவுக்கு அஞ்சுகிறவர்கள், சென்னையில் 1953-ல் தோன்றிய அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற போதனா மருத்துவமனைகளை நாடலாம். அங்கே மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் செய்வதால் தடவைகள் அதிகமாகும், காத்திருப்பும் அதிகம். ஆனால் ஒவ்வொரு படியிலும் இன்னொரு கண் பார்த்துவிடுகிறது.

ஒரு நாள் பாலம் கழன்று கையோடு வந்துவிட்டால், அதைக் கழுவி ஒரு சிறு டப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டொரு நாளுக்குள் வைத்தியரிடம் செல்லுங்கள். வீட்டில் கிடைக்கும் ஒட்டுப்பசையால் ஒட்டிக்கொண்டு காலம் கடத்துவது செதுக்கிய பல்லுக்கு நஞ்சு. வெறுமனே மாட்டிக்கொண்டு தூங்குவதோ, தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடிய ஆபத்து. உள்ளிருக்கும் பற்கள் திடமாக இருந்தால் அதே பாலத்தையே துடைத்து மறுபடி ஒட்டிவிடலாம். ஒரு பல் சொத்தையாகியிருந்தால் அதைச் சரிசெய்த பின் புதுப் பாலம் வேண்டும். தாங்குபல் ஒன்று அடியோடு போய்விட்டிருந்தாலோ, முன்பு சொன்ன வேர்க் கணக்கை, இப்போது இரண்டு பல் இழந்தவராக, முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் பாலத்தை விட்டு இம்ப்ளாண்டுக்கு வழி காட்டும். அதற்காக, முதல் தடவை எடுத்த எக்ஸ்-ரே படங்களையும், பாலம் எந்தப் பொருளால் எந்த வருஷம் கட்டப்பட்டது என்று எழுதிய சீட்டையும் வைத்தியரிடம் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.